முத்திரையும் முகவரியும்: வன்னியிலிருந்து மின்னஞ்சல் சென்றடையும் வழி பற்றிய ஆய்வுக் குறிப்பு

1

ஒரு சமூகத்தில் செய்தி எவ்வாறு செல்கின்றது என்பதை அச்சமூகத்தின் உற்பத்தி உறவுகளிலிருந்து பிரித்து நோக்க இயலாது. யார் எழுதலாம், யாருடைய எழுத்து நம்பப்படும், எது வழியிலேயே தடுக்கப்படும் ஆகிய வினாக்கள் தொழில்நுட்ப வினாக்களாகத் தோன்றினும் அவற்றுள் அதிகாரம் பற்றிய வினா உறைந்து கிடக்கின்றது. சோழர் காலச் செப்பேடுகளைப் பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். மன்னன் வாய்மொழியாகப் பிறப்பித்த ஆணையைத் திருமந்திர ஓலை எழுதினான். திருமந்திர ஓலைநாயகம் அதனை ஒப்புநோக்கி உறுதி செய்தான். பின்னர் அது வரியிலிடப்பட்டது. செப்பேடாக வெட்டப்பட்டபோது ஏடுகளைக் கோத்த வளையத்தின்மீது அரச இலச்சினை பொறிக்கப்பட்டது. வளையத்தை அறுக்காமல் ஏடொன்றைச் செருகவோ நீக்கவோ முடியாது. நிலத்தின்மீதும் வரியின்மீதும் உள்ள உரிமையை மாற்றும் ஆவணம் போலியாகிவிடலாம் என்ற அச்சமே இத்துணை நுணுக்கமான ஒழுங்கைத் தோற்றுவித்தது.

இன்று புலமைப்பரிசில் அறிவித்தலும் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் ஆய்விதழின் ஏற்புக் கடிதமும் காணி பற்றிய தொடர்பாடலும் மின்னஞ்சலாகவே செல்கின்றன. அனுப்பியவர் அனுப்பிவிட்டதாக நம்புகின்றார். பெற வேண்டியவர் எதுவும் வரவில்லை என்கின்றார். இருவரும் உண்மையே பேசுகின்றனர். மடல் பெறுநரின் குப்பை அஞ்சற் பெட்டிக்குள் ஒதுக்கப்பட்டிருக்கும். அல்லது வாசலிலேயே திருப்பப்பட்டிருக்கும். கொழும்பில் உள்ளவர் இத்தகைய இழப்பைத் தொலைபேசி மூலமோ நேரிற் சென்றோ ஈடுசெய்து கொள்ளலாம். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து விண்ணப்பிக்கும் மாணவருக்கு அந்த ஒரு மடலே வாயிலாக இருப்பதுண்டு. ஆதலால் மின்னஞ்சல் எவ்வாறு அத்தாட்சி பெறுகின்றது என்பதைக் கணினித் துறையினர்க்கு மட்டுமுரிய விடயமாக விட்டுவிடுதல் பொருந்தாது. இக்கட்டுரையில் அவ்வத்தாட்சி முறையின் தோற்றத்தையும் இயக்கத்தையும் வன்னிப் பெருநிலத்தின் அனுபவத்தோடு இணைத்து விளக்க முற்படுவோம்.

2

மின்னஞ்சலைக் கடத்தும் அடிப்படை நெறிமுறையான எஸ்.எம்.ரி.பி. 1982ஆம் ஆண்டு ஜோன் பொஸ்ரல் என்பவரால் வரையப்பட்டது. மறு ஆண்டில் போல் மொக்கபெற்றிஸ் ஆள்களப் பெயர் முறைமையை வகுத்தார். ஒரு நிறுவனத்தின் பெயரைக் கொண்டு அதன் சேவையகங்களின் எண் முகவரிகளை எவரும் கண்டறிய உதவும் பொதுப் பதிவேடாக இம்முறைமையைக் கருதலாம். எஸ்.எம்.ரி.பி. உருவான காலத்தில் அதனைப் பயன்படுத்தியோர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களையும் பாதுகாப்புத்துறையின் ஆதரவுபெற்ற ஆய்வுகூடங்களையும் சார்ந்த சிறு குழுவினர். பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தோர். அனுப்புநரின் பெயர் உண்மையானதுதானா என வினவும் தேவை அச்சிறு சமூகத்தில் எழவில்லை. ஆதலின் எவரும் எவருடைய பெயரையும் அனுப்புநராக எழுதலாம் என்ற நிலை நெறிமுறையிலேயே இடம்பெற்றுவிட்டது.

ஆயினும் அச்சிறு சமூகத்தினுள்ளும் வணிகம் முன்னரே கால் பதித்துவிட்டமை மனங்கொள்ளத்தக்கது. 1978 மே 3ஆந் திகதி கணினி நிறுவனமொன்றின் விற்பனையாளரான கரி துவேர்க் ஆர்ப்பாநெற் வலையமைப்பில் ஏறத்தாழ 400 முகவரிகளுக்குத் தம் நிறுவனப் பொருள் பற்றிய விளம்பரத்தை ஒரே நேரத்தில் அனுப்பினார். இன்று ஸ்பாம் எனப்படும் குப்பை அஞ்சலின் முதல் நிகழ்வாக இதனைக் குறிப்பிடுவர். தொண்ணூறுகளில் இணையம் வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டதும் விதிவிலக்காக இருந்தது விதியாயிற்று. மடலொன்றை அனுப்புதற்கான செலவு அனுப்புநருக்கு ஏறத்தாழ இல்லாமற் போக, அதனைத் தரம்பிரித்துக் களையும் செலவு பெறுநர் மீது விழுந்தது. பொதுச் சொத்தாக விளங்கிய ஊடகத்தைத் தனியார் இலாபத்துக்காகச் சுரண்டியதன் விளைவாகவே இன்றைய அத்தாட்சி முறைகள் தேவைப்பட்டன. இவற்றைத் தூய தொழில்நுட்ப முன்னேற்றமாக மாத்திரம் வருணிப்போர் இவ்வரலாற்றை மறந்துவிடுகின்றனர்.

3

நமது நாட்டின் நிலைமையை இவ்விடத்தில் நோக்குதல் பயனுடையது. இலங்கைக்குரிய எல்.கே. என்னும் உயர்மட்ட ஆள்களம் 1990 யூன் 15ஆந் திகதி பதிவு பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு லேர்ண் எனப்படும் கல்வி, ஆய்வு வலையமைப்பின் மின்னஞ்சற் சேவையும் தொடங்கலாயிற்று. அந்த யூன் மாதத்திலேயே வடக்கில் போர் மீண்டும் மூண்டது. தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்கள் உலகோடு மின்வழியாக உரையாடத் தொடங்கிய அதே காலத்தில் வன்னியினதும் யாழ்ப்பாணத்தினதும் மின்சாரமும் தொலைபேசியும் பாதையும் துண்டிக்கப்பட்டன. பிரிந்த குடும்பத்தினர் செஞ்சிலுவைக் குழுவின் திறந்த செய்திப் படிவங்கள் மூலம் ஒருவரையொருவர் விசாரித்தனர். 2002இல் திறந்த ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. ஒரே நாட்டினுள், ஒரே மாதத்திலிருந்து, செய்தித் தொடர்பின் இரு வேறு வரலாறுகள் தொடங்கின எனலாம்.

போர் முடிந்த பின்னரே வன்னியில் இணையம் பரவலாயிற்று. இரணைமடுவுக்கு அண்மையில், ஏ9 வீதியோரமாக அமைந்த அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இன்று இயங்குகின்றன. ஆயின் இப்பிரதேசத்தின் நிறுவனங்கள் மின்னஞ்சல் உலகினுள் நுழைந்தபோது, எவரையும் நம்பலாம் என்ற பழைய காலம் முடிந்துவிட்டது. அத்தாட்சியற்றவரை ஐயுறும் காலத்தில், தம் பெயரை நிலைநாட்ட வேண்டிய பொறுப்போடு அவை நுழைந்தன.

இரணைமடுக் குளத்தின் வரலாறு இந்நிலையை விளங்கிக்கொள்ள உதவும். கனகராயன் ஆற்றை மறித்து எழுந்த இக்குளத்தின் கட்டுமானம் 1902இல் தொடங்கிற்று. நீரைத் தேக்குதல் வேலையின் ஒரு பாதியே. துருசிலிருந்து கடைமடை வயல்வரை நீர் சென்றடைவது மறு பாதி. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்த வாய்க்காலுக்கு எப்போது நீர் விடப்படும், யாருக்குப் பங்கு உண்டு என்பன பகிரங்கக் கூட்டத்திற் தீர்மானிக்கப்பட்டுப் பதிவாகின்றன. பட்டியலில் இல்லாதவர் வாய்க்காலை வெட்டித் திருப்பினால் அதனைத் தவறென்று சுட்டுவதற்கு அப்பதிவே ஆதாரம். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தபோது, விநியோகம் என்பது குழாயும் பம்பியும் பற்றிய கேள்வி மட்டுமன்று என்பதை நாடே கண்டது. மின்னஞ்சலின் விநியோகமும் இவ்வாறே ஒரு பகிரங்கப் பதிவில் தங்கியுள்ளது.

4

இரணைமடுவின் கீழுள்ள கமக்காரர் அமைப்பொன்று தனக்கென ஓர் ஆள்களப் பெயரைப் பதிவு செய்து, கூட்ட அறிவித்தல்களை உறுப்பினருக்கும் வெளிநாடுகளில் வாழும் காணி உரிமையாளருக்கும் மின்னஞ்சலில் அனுப்புவதாகக் கொள்வோம். இம்மடல்கள் நம்பப்படுவதற்கு மூன்று பதிவுகள் வேண்டும். அவற்றை விளக்குமுன் மின்மடலில் இரு அனுப்புநர் முகவரிகள் உள்ளன என்பதைத் தெளிவுபடுத்தல் அவசியம். தபாற் கடிதத்தில் உறையின் பின்புறம் ஒரு முகவரியும் உள்ளே கடிதத் தலைப்பில் ஒரு முகவரியும் இருப்பதுபோல, மின்மடலிலும் சேவையகங்கள் தம்முள் பரிமாறிக்கொள்ளும் உறை முகவரி ஒன்று. வாசகர் கண்ணிற்படும் தலைப்பு முகவரி மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் 1982ஆம் ஆண்டின் நெறிமுறையில் இல்லை. ஆள்மாறாட்டம் செய்வோர் இந்த இடைவெளியிலேயே புகுந்தனர்.

முதலாவது பதிவு எஸ்.பி.எவ். எனப்படும். 2006இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட இதன் வரையறை 2014இல் திருத்தமுற்றது. தன் ஆள்களத்தின் பெயரால் மடல் அனுப்ப எந்தெந்தச் சேவையகங்களுக்கு அனுமதியுண்டு என்ற பட்டியலை அமைப்பு தன் ஆள்களப் பதிவேட்டில் பகிரங்கமாக வைக்கின்றது. மடலைப் பெறும் சேவையகம், அது எந்த எண் முகவரியிலிருந்து வந்தது எனப் பார்த்து, உறை முகவரியிலுள்ள ஆள்களத்தின் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலின் ஈற்றில் வரும் 'ஓல்' என்ற சொல்லின்முன் கழித்தற்குறி இடப்பட்டிருப்பின், ஏனையோர் எவருக்கும் அனுமதி இல்லை என்பது பொருள். அலைக்குறி இடப்பட்டிருப்பின், ஏனையோரை ஐயத்துடன் நோக்குக என்பது பொருள். இங்கு இரு தவறுகள் பெருவழக்காக உள்ளன. ஓர் ஆள்களத்துக்கு எஸ்.பி.எவ். பதிவு ஒன்றே இருத்தல் வேண்டும். புதிய சேவையொன்றைச் சேர்க்கும்போது பழைய பதிவை விரிக்காமல் இரண்டாவது பதிவொன்றை எழுதினால் சோதனையே வழுவாக முடியும். அன்றியும் பட்டியலைப் படித்து முடிக்கையில் வேறு பதிவுகளைத் தேடிச் செல்லும் தடவைகள் பத்தை மீறலாகாது. வெளிச் சேவைகள் பலவற்றைக் கோத்துக்கொண்டே போகும் நிறுவனங்கள் இவ்வெல்லையைத் தாம் அறியாமலே கடந்துவிடுகின்றன.

இரண்டாவது டி.கே.ஐ.எம். எனப்படும். யாகூ நிறுவனத்தில் மார்க் டிலேனி உருவாக்கிய முறையும் சிஸ்கோ நிறுவனத்தின் முறையும் இணைந்து 2007இல் இது பொது நியமமாயிற்று, 2011இல் திருத்தப்பட்டது. இதனைச் செப்பேட்டு வளையத்தின் இலச்சினையோடு ஒப்பிடலாம். அனுப்பும் சேவையகம் தன்னிடம் மறைவாகவுள்ள தனிச்சாவியைக் கொண்டு மடலின் உடலையும் தெரிந்தெடுத்த தலைப்பு வரிகளையும் கணித்து ஒரு கையொப்பமிடும். அதனைச் சோதிக்கும் பகிரங்கச் சாவி, ஆள்களப் பதிவேட்டில் ஒரு தெரிவுப் பெயரின் கீழ் வைக்கப்படும். வழியில் ஓர் எழுத்து மாறினும் கணிப்பு ஒவ்வாது போகும். இன்று 2048 பிற் நீளமுடைய சாவிகளே விதந்துரைக்கப்படுகின்றன. பதிவேட்டில் ஒரு சரத்தின் நீளம் 255 எழுத்தாதலால் இத்தகைய சாவியை இரு துண்டுகளாக்கியே எழுத வேண்டும். ஒட்டும்போது ஒரு துண்டு விடுபடுவது அடிக்கடி நேரும் பிழையாகும். தெரிவுப் பெயர் என்ற ஏற்பாட்டின் பயன், வெவ்வேறு சேவைகளுக்கு வெவ்வேறு சாவிகளை வைக்கவும், பழைய சாவியை நீக்கிப் புதியதற்கு மாறவும் அது இடமளிப்பதாகும்.

மேற்கூறிய இரண்டும் தனித்தனியே நிறைவற்றவை. எஸ்.பி.எவ். உறை முகவரியையே நோக்குகின்றது. வாசகர் அதனைக் காண்பதில்லை. டி.கே.ஐ.எம். கையொப்பம் எந்த ஆள்களத்தின் பெயராலும் இருக்கலாம். ஆகவே வஞ்சகர் ஒருவர் தம் சொந்த ஆள்களத்தின் அத்தாட்சியோடு, தலைப்பில் மட்டும் கமக்காரர் அமைப்பின் பெயரை எழுதிவிடலாம். இக்குறையை நிரப்புவது டிமார்க் எனப்படும் மூன்றாவது பதிவு. பெரும் நிறுவனங்கள் சில சேர்ந்து 2012இல் அறிவித்த இதன் விவரணம் 2015இல் வெளியாயிற்று. தலைப்பு முகவரியின் ஆள்களம், எஸ்.பி.எவ். சோதனையிலோ டி.கே.ஐ.எம். சோதனையிலோ தேறிய ஆள்களத்தோடு பொருந்த வேண்டும் என்பதே இதன் சாரம். பொருந்தாவிடின் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஆள்கள உரிமையாளரே அறிவிக்கலாம்: ஒன்றும் செய்யாதே, ஒதுக்கி வை, ஏற்காது திருப்பு என மூன்று நிலைகள். அத்தோடு, தன் பெயரால் எங்கிருந்தெல்லாம் மடல்கள் வந்தன என்ற தொகுப்பறிக்கையைப் பெறுநர் சேவையகங்களிடமிருந்து கேட்டுப் பெறவும் இப்பதிவு வழிசெய்கின்றது. அறிக்கை பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை வரும். தன் பெயர் எவ்வாறு பயன்படுகின்றது என்பதைப் பெயருக்குரியவரே அறிந்துகொள்ளும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டமை குறிப்பிடத்தக்கது.

5

இம்முறைகளின் வரம்பை உணர்தற்குச் சிலப்பதிகாரத்து நிகழ்ச்சியொன்று பெரிதும் துணைபுரியும். புறஞ்சேரி இறுத்த காதையில் மாதவியின் ஓலையைக் கோசிகன் கோவலனிடம் கொணர்கின்றான். ஓலையின் மண் இலச்சினையில் அவளது கூந்தலின் பொறி பதிந்திருக்கின்றது. அதன் நெய் மணம் ஓலை யாருடையது என்பதை அவனுக்கு உணர்த்துகின்றது. பின்னர், ஓலையின் வாசகம் தன் பெற்றோருக்கு எழுதற்கும் பொருந்துவதாயிருக்கக் கண்ட கோவலன், அதனையே அவர்களிடம் சேர்ப்பிக்குமாறு கோசிகனை ஏவுகின்றான். அஃதாவது, ஒருவர் மற்றொருவருக்கு எழுதிய கடிதம் மூன்றாமவருக்கு மீள அனுப்பப்படுகின்றது. பெற்றோரின் கையில் அவ்வோலை சேரும்போது அதன் இலச்சினை உடைந்திருக்கும். மணமும் அவர்களுக்கு எதனையும் உணர்த்தாது. கொணர்ந்தவனின் சொல்லே சான்றாக எஞ்சும்.

மின்னஞ்சலில் மீள அனுப்புதல் இதே சிக்கலை எழுப்புகின்றது. பல்கலைக்கழக முகவரிக்கு வரும் மடல்களைத் தம் தனிப்பட்ட கணக்குக்குத் தாமாகவே செல்லுமாறு அமைத்துக்கொள்ளும் மாணவரும் விரிவுரையாளரும் பலர். அவ்வாறு செல்கையில் இறுதிப் பெறுநர் காணும் எண் முகவரி பல்கலைக்கழகச் சேவையகத்தினது. முதல் அனுப்புநரின் பட்டியலில் அது இராது. எஸ்.பி.எவ். தோல்வியுறும். மடல் மாற்றமின்றிச் சென்றால் டி.கே.ஐ.எம். கையொப்பம் தப்பிப் பிழைக்கும். குழு மடல்களிலோ தலைப்பில் குழுப்பெயர் சேர்க்கப்படும், அடியில் குறிப்பு ஒட்டப்படும், கையொப்பமும் முறிந்துவிடும். 2014 ஏப்பிரலில் யாகூ தன் ஆள்களத்துக்கு 'ஏற்காது திருப்பு' என்ற நிலையை அறிவித்தபோது உலகெங்கும் குழு மடல்கள் தடுமாறியமை இதனாலேயே. இடைநின்று கடத்துவோர் தாம் கண்ட சோதனை முடிவை முத்திரையிட்டுக் கூறும் ஆர்க் என்னும் முறை 2019இல் பரிசோதனை நிலையில் வெளியிடப்பட்டது. கொணர்ந்தவனை நம்பலாமா என்ற பழைய கேள்வியை அதுவும் முற்றாக நீக்கிவிடவில்லை. நடைமுறையில், எஸ்.பி.எவ். ஒன்றையே நம்பியிராது டி.கே.ஐ.எம். கையொப்பத்தையும் கட்டாயம் இடுவதே மீள அனுப்பும் வழக்கம் மிகுந்த கல்விச் சூழலுக்கு உகந்ததாகும்.

6

வன்னியின் அண்மைக்கால வரலாற்றில் நிகழ்ந்த நிறுவன மாற்றமொன்று இவ்விடயத்தின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகிய நிறுவனம், 2021 ஓகஸ்ட் 1ஆந் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்தியங்கத் தொடங்கிற்று. வளாகமாக இருந்த காலத்தில் அதன் ஆள்களம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆள்களத்தின் கிளையாக அமைந்திருந்தது. பல்கலைக்கழகமானபோது தனி ஆள்களம் பெற்றது. பெயர்ப்பலகை மாறுவது கண்ணுக்குத் தெரியும்; பதிவேட்டில் மாறுவது தெரிவதில்லை.

கிளை ஆள்களத்துக்கும் தாய் ஆள்களத்துக்கும் உள்ள உறவு ஒரே சீரானதன்று. கிளைக்கு எனத் தனி டிமார்க் பதிவு இல்லாவிடின் தாயின் கொள்கை அதனையும் ஆளும். எஸ்.பி.எவ். பட்டியலோ அவ்வாறு இறங்கி வருவதில்லை; கிளையின் பெயரை உறை முகவரியாகக் கொண்டு மடல் அனுப்பினால் கிளைக்குத் தனிப் பட்டியல் வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது மையத்தில் 'ஏற்காது திருப்பு' என்று கொள்கையை இறுக்கினால், தொலைவிலுள்ள பீடமொன்றின் மடல்கள் மையத்தார் அறியாமலே தடைப்படலாம். அறிவியல்நகரைப் போன்று தலைமையகத்திலிருந்து பிரிந்து இயங்கும் பீடங்களைக் கொண்ட எப்பல்கலைக்கழகமும் கவனிக்க வேண்டியது இது. தனி ஆள்களமாகப் பிரிந்த பின்னர் தாயின் கொள்கையும் கிட்டாது. தாய் ஈட்டிய நன்மதிப்பும் கிட்டாது. மூன்று பதிவுகளையும் புதிதாக நாட்ட வேண்டும். சிறிது சிறிதாக மடல்களை அனுப்பியே பெறுநர்களிடம் மதிப்பைத் தேட வேண்டும். பழைய ஆள்களத்தையும் உடனே கைவிடலாகாது. முன்னர் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியர் முகவரியாக அச்சேறியிருப்பது அதுவே. அம்முகவரிக்கு எழுதும் அயல்நாட்டு ஆய்வாளரின் மடல் புதிய முகவரியை வந்தடைய வழி வைத்தல் வேண்டும். ஒரு நிறுவனம் தன்னாட்சி பெறுவது வர்த்தமானி அறிவித்தலோடு நிறைவுறுவதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

7

செய்முறையை ஒழுங்குபடுத்திக் கூறுவோம்.

முதலில், நிறுவனத்தின் பெயரால் மடல் அனுப்பும் வழிகள் யாவற்றையும் கணக்கெடுத்தல் வேண்டும். அலுவலக அஞ்சல் மட்டுமன்றி, இணையத்தளத்து விண்ணப்பப் படிவம், நூலகத்தின் நினைவூட்டல், கணக்குப் பிரிவின் பற்றுச்சீட்டு, வெளியாரின் தொகை அஞ்சற் சேவை ஆகியனவும் அக்கணக்கில் அடங்கும். அடுத்து அவை எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரே எஸ்.பி.எவ். பதிவை எழுதி, ஒவ்வொரு வழிக்கும் டி.கே.ஐ.எம். சாவி அமைத்தல் வேண்டும். மூன்றாவதாக, டிமார்க் பதிவை 'ஒன்றும் செய்யாதே' என்ற நிலையில் இட்டு, அறிக்கைகளைச் சில வாரங்கள் வாசித்தல் வேண்டும். கணக்கெடுப்பில் தவறிய வழிகள் அங்கு வெளிப்படும். அவற்றைச் சீர்செய்த பின்னரே 'ஒதுக்கி வை' என்பதற்கும், ஈற்றில் 'ஏற்காது திருப்பு' என்பதற்கும் படிப்படியாகச் செல்லலாம். அவசரப்பட்டு முதல் நாளிலேயே இறுதி நிலையை இடுவது, வாய்க்கால்களைத் துப்புரவாக்காமல் துருசைத் திறப்பதை ஒக்கும்.

சொந்தச் சேவையகம் வைத்திருப்போர் அதன் எண் முகவரியிலிருந்து பெயருக்குச் செல்லும் மறுதலைப் பதிவையும் அமைத்தல் வேண்டும். மடல் அனுப்பாத ஆள்களங்களுக்கும், எவருக்கும் அனுமதி இல்லை என்ற பதிவு இடப்பட வேண்டும். காவலற்ற பெயரே களவுக்கு எளிது. இவற்றுக்கெல்லாம் ஆள்களக் கட்டணத்துக்கு மேற்பட்ட செலவு பெரிதாக இல்லை, வேண்டுவது அறிவுழைப்பு. அவ்வுழைப்பு தனிமனிதரோடு நின்றுவிடுவதே நம் நிறுவனங்களின் பெருங்குறை. சங்கங்களின் செயலாளர் ஆண்டுதோறும் மாறுவர். ஆள்களத்தின் கடவுச்சொல் பழைய செயலாளரின் தனிப்பட்ட கணக்கோடு போய்விடும். எனவே எப்பதிவு எதற்காக, யாரால், எந்நாளில் இடப்பட்டது என்பதைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் எழுதிவைத்தல் நன்று.

8

இத்துணை செய்த பின்னரும் மடல் சென்றடையும் என்பதற்கு உறுதி உண்டா? அத்தாட்சி என்பது அனுப்பியவர் யார் என்பதையே நிறுவும். அவர் கூறுவது உண்மை என்பதை நிறுவாது. ஓரெழுத்து மாற்றிய போலி ஆள்களத்தைப் பதிவு செய்த வஞ்சகரும் மூன்று பதிவுகளையும் குறைவின்றி அமைக்கலாம். மறுபுறம், குறைவற்ற பதிவுகளையுடைய நேர்மையான சிறு அமைப்பின் மடலும் குப்பை அஞ்சலில் விழலாம். ஏற்பதா விடுவதா என்ற இறுதித் தீர்மானம் பெறுநர் சேவையகத்திடம் உள்ளது. உலகின் அஞ்சற் பெட்டிகளிற் பெரும்பங்கு கூகிள், மைக்ரோசொவ்ற் போன்ற சில நிறுவனங்களின் கையில் உள்ளது. 2024 பெப்ரவரி முதல் நாளொன்றுக்கு 5000 அல்லது அதற்கு மேற்பட்ட மடல்களை ஜீமெயில் கணக்குகளுக்கு அனுப்புவோர் மூன்று பதிவுகளையும் வைத்திருத்தல் வேண்டும் என்றும், ஸ்பாம் என முறையிடப்படும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டலாகாது என்றும் கூகிள் விதித்தது. யாகூவும் அவ்வாறே செய்தது. 2025 மேயில் மைக்ரோசொவ்ற் தன் அவுட்லுக் சேவைக்கு ஒத்த விதிகளை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. இவ்விதிகள் பயனுடையன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், எவரும் வாசித்து விவாதிக்கக்கூடிய பொது நியமங்களாகத் தோன்றியவை, சில நிறுவனங்களின் அறிவித்தலாலேயே கட்டாயமாகின்றன என்பதையும், அவற்றுக்கு அப்பால் அந்நிறுவனங்கள் அனுப்புநருக்குக் கணிக்கும் மதிப்பு எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பது முழுமையாக வெளியிடப்படுவதில்லை என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். சிறுபோகக் கூட்டத்தில் கமக்காரர் எழுந்து கேள்வி கேட்கலாம். இங்கு கேள்வி கேட்பதற்குக் கூட்டமே இல்லை.

மொழி பற்றிய பிரச்சினையும் இதனோடு தொடர்புடையது. 'இலங்கை' எனத் தமிழெழுத்திலேயே முடியும் உயர்மட்ட ஆள்களம் 2010இல் வழங்கப்பட்டது. முகவரியின் முற்பகுதியையும் பிறமொழி எழுத்தில் அமைக்கும் நியமம் 2012இல் வெளியாயிற்று. எனினும், தமிழ் முகவரியிலிருந்து செல்லும் மடலை வழியிலுள்ள சேவையகங்கள் யாவும் ஏற்றாலன்றி அது சென்றடையாது. ஏற்காதவை இன்னும் பல. ஆள்களப் பதிவேட்டிலும் தமிழ்ப்பெயர் உரோமன் எழுத்துக் குறியீடாக மாற்றப்பட்டே பதிவாகின்றது. மூன்று பதிவுகளும் அக்குறியீட்டின் கீழேயே அமைகின்றன. தமிழுக்கு உரிமை சட்டத்தில் கிடைப்பதற்கும் நடைமுறையிற் கிடைப்பதற்கும் உள்ள தூரத்தை நாம் அரசகரும மொழி விடயத்தில் நன்கறிவோம். அதே தூரம் இங்கும் உள்ளது.

இவ்வத்தாட்சிகள் யாவும் ஆள்களப் பதிவேட்டின் நம்பகத்தில் தங்கியுள்ளன என்பதையும் மறத்தலாகாது. 2021 பெப்ரவரி 6ஆந் திகதி எல்.கே. ஆள்களங்கள் சிலவற்றின் பதிவுகள் தாக்குதலுக்குள்ளாயின. கூகிளின் இலங்கைப் பெயர் உட்படச் சில தளங்களைத் தேடிச் சென்றோர் சில மணிநேரம் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டனர். தேயிலைத் தோட்ட மக்களின் நிலை, பத்திரிகைச் சுதந்திரம் முதலிய சமூகப் பிரச்சினைகள் அப்பக்கத்திற் பேசப்பட்டிருந்தன. அங்கு எழுப்பப்பட்ட கோரிக்கைகளின் நியாயம் வேறு. பதிவேட்டைக் கைப்பற்றியவர் எவரோ அவரே அந்நேரத்தில் அப்பெயர்களின் சொந்தக்காரராகிவிட்டார் என்ற உண்மை வேறு. முத்திரைக் கோல் இருக்கும் அறைக்குக் காவல் இல்லையேல் முத்திரையால் பயனில்லை. பதிவுகளுக்குக் கையொப்பமிடும் டி.என்.எஸ்.செக் முறையும், ஆள்களக் கணக்குக்கு இரட்டைப் பூட்டும் இதனாலேயே வேண்டப்படுகின்றன.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஒன்று புலனாகும். நம்பிக்கை என்பது தொடக்கத்தில் சிறு புலமைச் சமூகமொன்றின் உறவாக இருந்தது. வணிகம் அதனைச் சிதைத்தது. சிதைந்ததை ஈடுசெய்யப் பொதுப் பதிவேட்டையும் கணித முத்திரையையும் அடிப்படையாகக் கொண்ட ஒழுங்கு எழுந்தது. அவ்வொழுங்கின் வாயிலில் இன்று ஏகபோகம் காவல் நிற்கின்றது. இம்முரண்பாட்டைச் சுட்டுவதோடு அமைந்துவிடுவது போதாது. நீண்டகாலம் தபாலும் பாதையும் மறுக்கப்பட்டிருந்த ஒரு பிரதேசத்தின் நிறுவனங்கள், பதிவேட்டில் தம் பெயரைத் தாமே சரிவர எழுதிக்கொள்ளும் அறிவைப் பெறுவது முதற்கடமை. பல்கலைக்கழகங்கள் இவ்வறிவைத் தம் கணினி நிலையங்களுள் அடைத்துவைக்காது கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் கிராம நூலகங்களுக்கும் தமிழிற் கொண்டுசெல்லுதல் வேண்டும். வாயிற்காவலரின் விதிகளைக் கேள்விக்குள்ளாக்கும் குரல், முதலில் வாயிலைக் கடந்து கேட்பவரை அடைய வேண்டுமல்லவா?